ஒரு ஸ்டார் போட்டதற்கு வக்கீல் நோட்டீஸ்: நீக்கவா, விடவா?

கேள்வி கேட்டவர்: மாசிவீதி (புனைபெயர்), 2025 மே 9

தங்கை கல்யாணத்துக்கு போட்டோ, வீடியோ எடுத்தவர்கள் முழுப்பணமும் வாங்கிக்கொண்டு இன்னும் ஆல்பம் தரவில்லை. எட்டு மாதம் ஆச்சு, தங்கைக்கு வளைகாப்பே வரப்போகிறது. போன் எடுப்பதில்லை. கடுப்பில் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு "ஏமாற்றுக் கும்பல், பணத்தைத் தின்றுவிட்டு ஓடிவிடுவார்கள்" என்று எழுதினேன். நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ். ஏழு நாளில் நீக்கி மன்னிப்பு எழுதித் தராவிட்டால் 25 லட்சம் மானநஷ்டம், கிரிமினல் கேஸ் வேறு. வீட்டில் எல்லோரும் நீக்கித் தொலை என்கிறார்கள். நீக்கவா?

என் பதில்: மே 9, இரவு

முதலில் ஒன்று: அது கோர்ட்டிலிருந்து வரவில்லை. ஒரு வக்கீல் தன் கட்சிக்காரர் சொன்னதைத் தன் லெட்டர்பேடில் தட்டி அனுப்பிய கடிதம், அவ்வளவுதான். சம்மன் என்பது வேறு. இதில் "தவறினால்", "மேற்படி தங்கள் செயலால்" என்றெல்லாம் இருப்பதைப் படித்தால் அடுத்த வாரமே ஜப்தி வரப்போகிறது என்று தோன்றும். தோன்றவேண்டும் என்றுதான் அப்படி எழுதுகிறார்கள்.

அந்த 25 லட்சத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நோட்டீஸில் எத்தனை சைபர் போட்டாலும் காசு செலவில்லை. ஆனால் அதே தொகையைக் கேட்டு சிவில் வழக்கு போடவேண்டுமென்றால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்டவேண்டும். 2017-க்கு முன்னால் 7.5 சதவீதமாக இருந்தது, அப்புறம் குறைத்தார்கள். குறைத்த பிறகும் 25 லட்சத்துக்கு 75,000 ரூபாய், வழக்கைத் தாக்கல் செய்யும்போதே. வக்கீல் ஃபீஸ் தனி. ஒரு கல்யாணத்துக்கு ஒன்றரை லட்சம் வாங்குகிற ஸ்டுடியோக்காரர் உங்கள் நாலு வரிக்காக அதைக் கட்டுவாரா என்று நீங்களே யோசியுங்கள்.

கட்டமாட்டார் என்று சத்தியம் செய்யவில்லை. வீம்புக்குக் கட்டுகிறவர்களும் உண்டு.

மே 10

"உங்களுக்கு வந்திருந்தால் தெரியும்" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். வந்தது.

கோவையில் வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட்டோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, சிங்க் அடியில் இருந்த பலகை ஊதி, லேமினேட் உரிந்து, கதவு மூடவே இல்லை. பில்லில் ஐ.எஸ். 710 என்று போட்டிருந்தார்கள், அதாவது தண்ணீர் தாங்கும் மெரைன் ப்ளைவுட். உரிந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் பலகையின் முத்திரையில் ஐ.எஸ். 303. அது சாதா ரகம், அலமாரிக்குப் போடலாம், சிங்க் அடியில் போடக்கூடாது. இரண்டையும் படம் பிடித்து, "பில்லில் 710, பலகையில் 303, இரண்டு முறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், மாற்றவில்லை" என்று எழுதினேன். திட்டு ஒன்றுகூட இல்லை. அதற்கும் நோட்டீஸ் வந்தது, அரைக்கோடி கேட்டு. அரைக்கோடி! அந்த கிச்சனைப் பத்துத் தடவை இடித்துக் கட்டலாம்.

ரிஜிஸ்டர் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது என் மனைவி. பிரித்துப் படித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நம்ம வீட்டை எழுதி வாங்கிடுவாங்களா?" நோட்டீஸ் வேலை செய்வது இந்த இடத்தில்தான். எழுதினவனை விட அவன் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேருகிறது.

தெரிந்த வக்கீல் ஒருவரை வைத்து ஒரு பக்கத்தில் பதில் நோட்டீஸ் அனுப்பினோம். எழுதியது உண்மை, ஆதாரம் இன்னின்ன, உங்கள் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று. அதற்குப் பிறகு நடந்ததைத் தனியாக எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம்.

மே 10, மறுபடி

மாசிவீதி நோட்டீஸின் ஒரு பக்கத்தைப் பெயர் மறைத்துப் போட்டிருக்கிறார். பார்த்துச் சிரித்துவிட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவின் கீழ் மூன்று வருடம் சிறையாம். அந்தப் பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அடித்துவிட்டது. அதற்கப்புறமும் போலீஸ் அதில் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 2021-ல் உச்சநீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. செத்துப்போன பிரிவைக் காட்டி உயிரோடிருப்பவரை மிரட்டுகிறார்கள்.

பழைய டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். நோட்டீஸில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் மீதியையும் அந்த லட்சணத்தில்தான் தயாரித்திருப்பார்கள் என்று கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

மே 12

சரி, சிரித்தது போதும். மாசிவீதி எழுதிய ரிவ்யூவுக்கு வருவோம். "எட்டு மாதமாக ஆல்பம் தரவில்லை, முழுப்பணம் இந்தத் தேதியில் கொடுத்தேன்" என்பது தகவல். ரசீது இருந்தால் கோட்டைச் சுவர். "ஏமாற்றுக் கும்பல்" என்பது குற்றச்சாட்டு. ஏமாற்றும் எண்ணத்தோடுதான் பணம் வாங்கினார்கள் என்று நிரூபிக்கவேண்டி வரும், சோம்பேறித்தனத்தால் தாமதம் என்று அவர்கள் சொன்னாலே உங்கள் சொல் ஆட்டம் கண்டுவிடும். "ஓடிவிடுவார்கள்" அதைவிட மோசம், ஏனென்றால் கடை அங்கேயேதான் இருக்கிறது.

சிவில் வழக்கில் எழுதியது உண்மை என்று நிரூபித்தாலே போதும், கதை முடிந்தது. கிரிமினலில் அப்படியில்லை. பழைய இ.பி.கோ. 499, 500 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவாகியிருக்கிறது. அதில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்கவேண்டும். அடுத்தவரை எச்சரிக்க நல்லெண்ணத்தோடு சொல்வதற்கும், தன் நலனைக் காத்துக்கொள்ளச் சொல்வதற்கும் தனித்தனி விலக்குகள் உண்டு. வாடிக்கையாளர் எழுதும் ரிவ்யூ பெரும்பாலும் இந்த விலக்குகளுக்குள் வந்துவிடும், எழுதுகிறவர் கோபத்தில் அதைத் தாண்டிப் போகாதவரை. தண்டனை அதிகபட்சம் இரண்டு வருடம் வெறுங்காவல், அல்லது அபராதம், புதிதாக சமூக சேவையும் சேர்த்திருக்கிறார்கள். ஜாமீனில் வரக்கூடிய குற்றம். அவதூறுக்கு மட்டும் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவரே மாஜிஸ்திரேட் முன் தனிப்புகார் கொடுக்கவேண்டும். புது நடைமுறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் அதைக் கையில் எடுக்கும் முன்பு உங்கள் தரப்பையும் கேட்கவேண்டும். ஆகவே "ஸ்டேஷனிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது கூப்பிட்டால் எந்த ஸ்டேஷன், என்ன புகார், சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) நம்பர் என்ன என்று கேளுங்கள். பாதிப்பேர் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள்.

என் யோசனை: நீக்கவேண்டாம், திருத்துங்கள். திருத்துவதற்கு முன் பழையதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி, தொகை, அவர்கள் சொன்ன வாக்கு, நடந்தது. இந்த நாலு மட்டும் எழுதினால் போதும், படிக்கிறவர்கள் மீதியைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள்.

இன்னொன்று. நீக்கினாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் நோயாளி இருக்கிறார், வேலையில் பிரச்சினை என்றால் வாய்தாவுக்கு அலைய எல்லோராலும் முடியாது. வழக்கில் ஜெயித்தாலும் அந்த வருடங்கள் திரும்பி வராது. நீக்கிவிட்டு நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் ஃபீஸ் கிடையாது, உங்கள் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும், எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. 1915-க்கு ஒரு போன் போட்டுப் பதிவு செய்தும் வையுங்கள்.

மே 13

"ரிவ்யூ போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டால் அவர்களால் எதுவும் பண்ணமுடியாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். குமாஸ்தா ஐயா வந்து திருத்தியிருக்கிறார் (முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் கட்டு தூக்கியவர், அவர் சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை): ஒரு வருடம் என்பது சிவிலுக்கு. கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம்.

இன்னொன்றும் சொல்கிறார். தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள், "மறுத்துவிட்டார்" என்று எழுதி வந்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

மே 17

பெரிய கம்பெனிகள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கு 3 சதவீதமெல்லாம் டீச்செலவு, எனவே மேலே சொன்ன கணக்கு அங்கே செல்லாது.

போர்ன்விட்டா கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா, ஃபுட் ஃபார்மர் என்ற பெயரில், அதில் இருக்கும் சர்க்கரை பற்றி வீடியோ போட்டார். கோடிக்கு மேல் பார்த்தார்கள். கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார், கோர்ட் கேஸ் நடத்த வசதியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நோட்டீஸ் ஜெயித்துவிட்டது. ஆனால் அதே மாதம் குழந்தைகள் உரிமை ஆணையம் கம்பெனிக்குக் கடிதம் போட்டது, அந்த வருடக் கடைசியில் 100 கிராமுக்கு 37.4 கிராம் இருந்த சேர்த்த சர்க்கரை 32.2 ஆனது, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இதையெல்லாம் ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. வீடியோ போயிற்று, விஷயம் போகவில்லை.

என்னைப் பயமுறுத்துவது நோட்டீஸ் இல்லை, எக்ஸ்பார்ட்டி தடை. எதிராளியைக் கேட்காமலே வாங்கும் உத்தரவு. 2023 செப்டம்பரில் ஹிமாலயா வெல்னஸ் போட்ட வழக்கில் பெங்களூரு சிவில் கோர்ட் அப்படி ஒரு உத்தரவு போட, லிவர் டாக் என்று எழுதும் கேரள டாக்டரின் எக்ஸ் கணக்கே இந்தியாவில் முடங்கியது. நாலு பதிவுக்கு மொத்தக் கணக்கா என்று கேட்டு அவர் கர்நாடக உயர்நீதிமன்றம் போய், சம்பந்தப்பட்ட பதிவுகளை மறைத்துவைக்கும் நிபந்தனையில் கணக்கைத் திரும்ப வாங்கினார். அடுத்த வருடம் மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில் உச்சநீதிமன்றம், விசாரணைக்கு முன்னாலேயே இப்படித் தடை கொடுப்பதில் ரொம்ப நிதானம் வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டுகளுக்குச் சொன்னது. அது பத்திரிகை பற்றிய வழக்கு. ரிவ்யூ எழுதுகிறவனுக்கும் அதில் கொஞ்சம் நிழல் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

கிடைத்தும் இருக்கிறது. போன மாதம்தான் டெல்லி உயர்நீதிமன்றம் சான் நியூட்ரிஷன் வழக்கில், வே புரோட்டீன் டப்பாக்களை லேபுக்கு அனுப்பி ரிசல்ட்டை வீடியோவாகப் போட்ட யூடியூபர்களுக்கு எதிராக இடைக்காலத் தடை தர மறுத்தது. அவர்களைக் காப்பாற்றியது வாய்ஜாலம் இல்லை, லேப் ரிப்போர்ட். எனக்கு 710, 303 மாதிரி.

ஆனால் சோதித்துப் பார்த்துப் போட்டால் எல்லாம் ஜோர் என்றும் எண்ணவேண்டாம். பாராசூட் தேங்காயெண்ணெயைப் பற்றிய யூடியூப் வீடியோ வழக்கில் 2020 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி வீடியோவை நீக்கச் சொன்னார், ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்களை வைத்திருப்பவருக்குச் சாதாரண ஆளைவிடப் பொறுப்பு அதிகம் என்றும் சொன்னார். அது மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தப் பொறுப்பு விஷயத்தில் நான் நீதிபதி பக்கம். எனக்கு இருப்பதோ முந்நூறு பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

மே 18

ஒரு பேக்கரி உரிமையாளர் கோபமாக எழுதியிருக்கிறார், "நாங்களெல்லாம் வில்லனா" என்று. இல்லை. என் மச்சான் பொள்ளாச்சி பக்கம் மெஸ் நடத்துகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரிசையாக ஒரு ஸ்டார் விழுந்தது, எழுதினவர்கள் யாருமே அந்தப் பக்கம் வந்ததில்லை, ஒருவர் மட்டன் பிரியாணியில் கரப்பான் என்று போட்டிருந்தார். மச்சான் மெஸ் சுத்த சைவம்!

கூகுளுக்கு ரிப்போர்ட் அடித்து அடித்து விரல் தேய்ந்தது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றால் அனுப்ப ஆள் யாரென்றே தெரியாது. கடைசியில் "எங்களிடம் மட்டனே கிடையாது, சாம்பார் சாதம் வேண்டுமானால் வாருங்கள்" என்று பதில் போட்டார், அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

பொய் ரிவ்யூ எழுதுகிறவனுக்கு முகவரி இல்லை. சொந்தப் பெயரில், பில்லோடு எழுதுகிறவனுக்குத்தான் நோட்டீஸ் போகிறது. எனக்கு இதில் எரிச்சல் இதுதான், ஆயுதம் ஒன்று, பாய்வது தப்பான ஆள் மேல்.

மே 25

மாசிவீதி ரிவ்யூவைத் திருத்திவிட்டார், பதில் நோட்டீஸும் போய்விட்டது. ஸ்டுடியோவிலிருந்து போன் வந்து, ஆல்பம் டிசைன் ஓ.கே. பண்ணச் சொல்லி லிங்க் அனுப்பியிருக்கிறார்களாம். எட்டு மாதம் வராத லிங்க். நல்லது.

இன்னொரு கேள்வி: புக்கிங் ஃபார்மில் "எதிர்மறை விமர்சனம் எழுதினால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படமாட்டாது" என்று ஒரு மண்டபக்காரர் போட்டிருக்கிறாராம். இதில் அமெரிக்காக்காரர்கள் முன்னோடி. கிளியர்கியர் என்று ஒரு ஆன்லைன் கடை, யூட்டாவில் ஒரு தம்பதி, 20 டாலருக்கும் குறைவான பொருள், அது வந்தே சேரவில்லை. மனைவி ஒரு தளத்தில் புகார் எழுதினார். மூன்று வருடம் கழித்து, 2012-ல், எங்களைக் குறை சொல்லக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது, 3,500 டாலர் கட்டு என்று கடை மெயில் போட்டது. அவர்கள் கட்டவில்லை. கடன் என்று பதிந்து அவர்களுடைய கிரெடிட்டையே கெடுத்துவிட்டார்கள். தம்பதி வழக்குப் போட்டார்கள், கடை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, 2014-ல் 3 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பானது. 2016 கடைசியில் இந்த மாதிரி நிபந்தனையே செல்லாது என்று அங்கே மத்தியச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனால் 2019 நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு வகை இருக்கிறது, மாநில ஆணையம் அதைச் செல்லாது என்று சொல்லலாம். மண்டபக்காரரிடம் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முகூர்த்த மாசத்தில் கேட்டால் வேறு ஆளைப் பார் என்பார், ஆடியில் கேளுங்கள்.

ஜூன் 2

என் கிச்சன் கதையின் மீதி. பதில் நோட்டீஸ் போன பிறகு வக்கீல் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. கடைக்காரர் நேரில் வந்தார். சிங்க் யூனிட்டை முழுசாக 710-ல் மாற்றித் தருகிறேன், ரிவ்யூவை எடுத்துவிடுங்கள், இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பேப்பரில் "இனி எக்காலத்திலும் எந்த ஊடகத்திலும்" என்று ஒரு வரி. அதைப் பேனாவால் அடித்தேன். மாற்றித் தாருங்கள், மாற்றியதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். முகம் சுளித்தார், ஆனால் மாற்றினார். ரிவ்யூவின் கீழே "புகாருக்குப் பின் பலகை மாற்றப்பட்டது" என்று சேர்த்து, ஒரு ஸ்டாரை மூன்றாக்கினேன்.

"விலைபோய்விட்டீர்கள்" என்கிறார் ஒருவர். இருக்கலாம் ஐயா. எனக்குத் தேவை ஊதாத பலகை, புரட்சி இல்லை. மூன்று ஸ்டார் அதிகமோ என்று அப்புறம் நானும் யோசித்தேன். ஆனால் அடுத்துப் போகிறவன் கீழே உள்ள வரியைப் படித்தால் என்ன நடந்தது, எப்படி மாறியது இரண்டும் தெரியும். மொத்தமாக எடுத்திருந்தால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

ஜூன் 3

பாங்காக் டிக்கெட் போட்டிருக்கும் தம்பிக்கு மட்டும்: அங்கே வீராவேசம் வேண்டாம். 2020-ல் கோ சாங் தீவில் ஒரு அமெரிக்கர், தான் கொண்டுவந்த ஜின் பாட்டிலுக்கு ரிசார்ட் கார்க்கேஜ் (வெளிப்பாட்டிலுக்கான கட்டணம்) கேட்டதில் தகராறாகி, டிரிப்அட்வைசரில் காய்ச்சி எடுத்தார். கிரிமினல் அவதூறு, கைது, ஜெயிலில் இரண்டு இரவு. மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் தப்பித்தார். பிறகு டிரிப்அட்வைசர் அந்த ரிசார்ட் பக்கத்தில் "இவர்கள் வாடிக்கையாளரை ஜெயிலுக்கு அனுப்பினவர்கள்" என்கிற அர்த்தத்தில் எச்சரிக்கை ஒட்டியது தனிக்கூத்து. ஊர் திரும்பி எழுது தம்பி.

ஜூலை 6

இந்த விவாத இழை செத்துவிட்டது என்று நினைத்தேன், ஃப்ளாட் அசோசியேஷன் ஆட்கள் வந்து எழுப்பியிருக்கிறார்கள். பில்டர் லிஃப்ட் போடவில்லை, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் "இவன் 420" என்று ஆடியோ போட, பில்டரின் நோட்டீஸ் குரூப் அட்மினுக்கு வந்திருக்கிறது.

குரூப்பில் போட்டதும் பிரசுரம்தான், "எங்களுக்குள்ளே பேசினது" என்று தப்பிக்க முடியாது. ஆனால் அடுத்தவன் போட்டதற்கு அட்மினைப் பிடிப்பது எளிதில்லை. 2021 டிசம்பரில் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே, ஒருவர் அட்மினாக மட்டும் இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்காதே என்று போலீஸுக்குச் சொல்லியிருக்கிறது. கேரள, பம்பாய் உயர்நீதிமன்றங்களும் அதே மாதிரி சொல்லியிருக்கின்றன. அந்த வழக்குகள் வேறு குற்றங்கள் பற்றியவை என்றாலும் வாதம் அதுதான், அட்மின் பத்திரிகை ஆசிரியர் இல்லை, வருகிற ஒவ்வொன்றையும் படித்து அனுமதிப்பவரும் இல்லை. பதில் நோட்டீஸில் இதைச் சொல்லச் சொல்லுங்கள். அட்மின் பயந்துபோய் குரூப்பையே கலைத்துவிடப் போகிறாராம், தயவுசெய்து வேண்டாம், லிஃப்ட் பற்றி பில்டர் கொடுத்த தேதிகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. முதலில் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி இரண்டு மூன்று பேர் மெயிலில் வையுங்கள், அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) அலுவலகத்துக்குப் போங்கள். ஆடியோ போட்ட அண்ணன் கொஞ்ச நாள் டைப் மட்டும் பண்ணட்டும்.